சிமெண்டில் ஒரு பாதம்

கூடத்து மூலையில் கொத்தனார் உளியை நெம்ப, பழைய டைல்ஸ் பெயர்ந்து வருகிறது. அடியில் அந்தக் காலத்துச் சிமெண்டுத் தரை. "இங்க பாருங்கம்மா, காயறதுக்குள்ள ஏதோ வாண்டு மிதிச்சிருக்கு," என்று சிரித்தபடி தூசியை ஊதுகிறார். எட்டிப் பார்க்கக் குனிந்த மருமகள் நிமிரவே இல்லை. சின்னஞ்சிறு வலது பாதம். சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல். மகள் பிறந்ததிலிருந்து, "எங்க வம்சத்துலயே கிடையாது, எல்லாம் உங்க வீட்டுச் சீதனம்," என்று மாமியார் குத்திக்காட்டும் அதே ஆறாவது விரல். மாமியாரின் பிடிவாதத்தால்தான் நாளைக் காலை ஆஸ்பத்திரியில் அதை எடுக்கப் போகிறார்கள். "அத்தை..." என்று கூப்பிடுகிறாள். மாமியார் வந்து பார்த்து, கணவரைக் கூப்பிடுகிறாள். "யாரு காலுங்க இது?" மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறார். "தெரியலையே... எங்க தாத்தா கட்டின வீடு. நம்ம ஜனத்தைத் தவிர யாரும் இங்க குடியிருந்ததே இல்ல." இடுக்கில் புகுந்து வந்த குழந்தை, பள்ளத்துக்குள் தன் காலை வைக்கிறது. அச்சில் வார்த்ததுபோல் பொருந்துகிறது. "ஐ, என் காலு!" "புது டைல்ஸ் ஒட்டிடலாமாம்மா?" என்கிறார் கொத்தனார். மாமியார் தொப்பென்று தரையில் உட்கார்ந்து, பேத்தியின் பாதத்தை இரு கைகளாலும் பொத்திக்கொள்கிறாள். மருமகளை ஏறிட்டுப் பார்க்க அவளால் முடியவில்லை. "டாக்டருக்குப் போன் போடும்மா," என்கிறாள், "நாளைக்கு நாம வரலன்னு சொல்லு."