எல்லாத் தெருவுக்கும் ஒரு நிறம்

"மாரிக்கனி! நூலைக் கையில சுத்தாதேன்னு எத்தனை தடவ சொல்றது? கழட்டு மொதல்ல!"

பொன்ராஜ் போட்ட சத்தத்தில், கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த கிருஷ்ணப்ரியா கையிலிருந்த டீயைச் சிந்திவிட்டாள்.

காராச்சேவு பாக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்த மாரிக்கனி, மணிக்கட்டில் நாலு சுற்றாகச் சுற்றியிருந்த வெள்ளை நூலை அவசரமாக அவிழ்த்தாள்.

"கையிலயே இருந்தா கட்டு சீக்கிரம் விழும்ல, அண்ணாச்சி. பழக்கதோசம்."

பொன்ராஜ் நூலை வாங்கிச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சுத்தத்துல ரொம்பக் கறார் போலங்க" என்று சிரித்தாள் கிருஷ்ணப்ரியா.

அவர் சிரிக்கவில்லை.

பாளையம்பட்டி முக்கில் இருந்த பொன்ராஜின் சேவுக் கம்பெனி பதினோரு மாதம் பூட்டிக் கிடந்தது. போன வாரம்தான் மறுபடி அடுப்பு பற்ற வைத்திருந்தார்கள். மாரிக்கனியோடு சேர்த்து எட்டுப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. புதுப் பாக்கெட் எடுபட்டால் அடுப்பு எரியும். இல்லாவிட்டால் மறுபடியும் பூட்டுதான். அந்தப் பாக்கெட்டுக்கு நிறமும் அமைப்பும் செய்து தரத்தான் கிருஷ்ணப்ரியாவை வரவழைத்திருந்தார்.

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"சிவப்பும் மஞ்சளும். பார்த்த உடனே பசி எடுக்க வைக்கிற நிறம்ங்க. தீனி விக்கறவங்க பாதிப் பேர் இதைத்தான் வெக்கறாங்க."

"நல்லாத்தாம்மா இருக்கு. வேண்டாம்."

"ஏனுங்க?"

"இது ஒரு தெருவுல ஓடும். அடுத்த தெருவுல தொட மாட்டாக."

அவளுக்குப் புரியவில்லை. அடுத்த படத்தைக் காட்டினாள். "இது நீலமும் சிவப்பும். நீலம்னா நம்பிக்கைங்க. பேங்க் எல்லாம் அதனாலதான்..."

"அதுக்கு வேற தெரு."

"நீலமும் மஞ்சளும்?"

"அதுக்கும் ஆளு இருக்கு."

மாரிக்கனி ஆணியிலிருந்து நூலை இழுத்துக் கட்டுப் போட்டபடியே விளக்கம் சொன்னாள். "இந்தப் பக்கம் ரெண்டு நிறம் சேந்தா அது கொடி, தாயி. பள்ளிக்கூடத்துப் பயலுககூட கையில கயிறாக் கட்டிக்கிட்டுத் திரியுறானுக. கயிறைப் பாத்தாலே எந்தத் தெருப் பயன்னு தெரிஞ்சுபோகும். எங்க வீட்டு ஆடு ஒண்ணுதான் தெருப் பாக்காம மேயுது."

கிருஷ்ணப்ரியாவின் முகம் மாறியது. "சேவுலகூடவா சாதி பார்ப்பீங்க?"

"யாவாரம்மா. பரளச்சிக்கும் போகணும், ரெட்டியபட்டிக்கும் போகணும். எந்தக் கையும் இதைத் தொட யோசிக்கக் கூடாது."

"சரிங்க. பழைய பாக்கெட் என்ன நிறத்துல இருந்துச்சு?"

மாரிக்கனியின் கை நின்றது.

"பாக்கெட்டு சாதாப் பாக்கெட்டுதான்" என்றார் பொன்ராஜ். "கட்டுற நூலுதான் அடையாளம். சிவப்பும் பச்சையும் சேத்து முறுக்குன நூலு. அருப்புக்கோட்டையிலதான் சாயம் போட்டு வாங்கினோம். வத்தலுக்குச் சிவப்பு, கறிவேப்பிலைக்குப் பச்சைன்னான் எம் மகன். எழுத்துத் தெரியாதவுககூட நூலைக் காட்டிக் கேட்டு வாங்கினாக."

"அருமையான யோசனைங்க! உங்க பையன் இதெல்லாம் படிச்சவரா?"

"அருண்பாண்டியனா? அவன் படிச்சது மோட்டார் மெக்கானிக்கு. இது அவனா யோசிச்சது."

"நான் நாலு வருஷம் படிச்சதை அவர் ஒரு நூல்ல முடிச்சிட்டார். அதை ஏங்க விட்டீங்க? அவருக்குப் போன் போடுங்க, நான் பேசறேன்."

"அவன் எடுக்க மாட்டான்."

நிறத்தை வைத்துத்தான் அப்பனுக்கும் மகனுக்கும் மனத்தாங்கல் என்று அவளுக்குத் தோன்றியது. கோபமும் வந்தது.

"அவர் சரியாத்தான் யோசிச்சிருக்கார். நீங்கதான் தெருக்கணக்குப் பார்த்து அவரை விரட்டிட்டீங்க போல."

"தாயி..." என்று மாரிக்கனி எழுந்தாள். பொன்ராஜ் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தார்.

"வெள்ளைத் தாளு, கறுப்பு எழுத்து, வெள்ளை நூலு. அப்படியே போட்டுக் குடும்மா."

"தீனிக்கு யாரும் வெறும் வெள்ளை வெக்க மாட்டாங்க சார். பார்த்தா துக்க வீட்டு நெனப்பு வரும்."

"வரட்டும்."

அவள் லேப்டாப்பை மூடினாள். எழுந்தவள், மனசு கேட்காமல் நின்றாள்.

"அந்தப் பழைய நூல்ல ஒரு துண்டாவது காட்டுங்க. பார்த்துட்டுப் போறேன்."

"கண்டு கண்டாக் கெடந்தது, எல்லாத்தையும் கொளுத்திட்டேன். ஒரு முழம்தான் மிச்சம்."

"எங்க இருக்கு?"

"கோர்ட்டுல. கேசு முடிஞ்சாத்தான் குடுப்பாகளாம்."

பொன்ராஜ் ஆணியில் தொங்கிய வெள்ளை நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தவனை நான்தான் லோடோட வெரசாப் போகச் சொன்னேன், மணிக்கட்டுல சுத்தியிருந்ததைக் கழட்ட மறந்துட்டான். வழியில அருவாளோட மறிச்சவனுக, எந்தத் தெருக் கயிறுன்னு மட்டுந்தான் பாத்தானுக... அது சேவு கட்டுற நூலுன்னு சொல்றதுக்கு அவனுக்கு நேரம் குடுக்கலம்மா."