தண்ணீர் கேட்ட குரல்

அரசாங்கம் சொன்னால் எங்கள் உப்பளத்து ஊரில் நாய்கூட நம்பாது. அதனால் இந்தக் கொள்ளைநோய்க்கு அறிவிப்புகளை அவரவர் வீட்டு ஆட்களின் குரலில் இயந்திரத்தில் தயாரித்து, அவர்கள் எண்ணிலிருந்தே வருகிற மாதிரி அனுப்பினார்கள். எதிர்வீட்டு மெர்சி, முகாமிலிருந்து தம்பி கூப்பிடுகிறான் என்று நம்பிப் போனாள். தம்பி அங்கே இல்லை. அவளை உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

ஜெபராணியின் கணவன் தனசிங்கை நோயென்று முகாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவன் குரல் தினமும் வந்தது. "ஜெபா, ஊசி போட்டுக்கோ." உடனே துண்டிப்பாள்.

செவ்வாய்க்கிழமை அந்தக் குரல் இருமியது.

"ஜெபா, மூச்சு முட்டுதுட்டி. தண்ணி தர ஆளில்ல. வந்து கூட்டிட்டுப் போ."

"இருமவும் படிச்சிட்டீரோ வே?"

"நான்தான்ட்டி. நம்ம கல்யாணத்துல பாயாசத்துல சீனின்னு உப்ப அள்ளிப் போட்டாங்களே..."

"அதையும் ஒட்டுக் கேட்டாச்சா? வெக்கமா இல்ல?"

துண்டித்தாள். மறுபடி மணி அடித்தபோது எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முகாம் வண்டி வந்தது. அடக்கம் முடிந்துவிட்டது என்று சொல்லி, தனசிங்கின் சட்டையும் கைப்பேசியும் இருந்த பையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவன் கைப்பேசியைத் திறந்து பார்த்தாள். தினமும் வந்த அழைப்புகள் அதில் இல்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு முறை கூப்பிட்டிருந்தான், அவளை மட்டும்தான்.

அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவளுடைய கைப்பேசி ஒலித்தது. அவன் எண்தான்.

"ஜெபா, ஊசி போட்டுக்கோ."

இந்த முறை துண்டிக்கவில்லை.

"ஏங்க," என்றாள். "தண்ணி குடிச்சியளா?"

"ஜெபா, ஊசி போட்டுக்கோ."