முன்வரிசையில் அம்மா

"கெட்டோம்டி நெட்டி! லவினியாவோட அம்மா வந்திருக்கா!"

கதவைத் திறந்த வேகத்தில் ஹோரஸின் தொப்பி கழன்று விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றான்.

கண்ணாடி முன்னால் உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்த நெட்டியின் கை அப்படியே நின்றுவிட்டது. "எந்த லவினியா?"

"கேக்குறா பாரு! வாசல் போஸ்டர்ல யார் பேரைப் போட்டு உன்னை இங்க உக்கார வெச்சிருக்கேனோ, அந்த லவினியா! லவினியா ட்ராட்டர்! அவளைப் பெத்தவ முன்வரிசையில உக்காந்திருக்கா. சர்ச்சுக்குப் போற தொப்பியோட!"

அந்த வருஷம் மிசிசிப்பியில் லவினியாவின் பாட்டுக் கேட்காத வீடு கிடையாது. முடிவெட்டும் கடை, மீன் வறுக்கும் கடை, பருத்தி ஏற்றும் லாரி, எங்கே பார்த்தாலும் அவள் குரல்தான். பாட்டை எழுதியதும் அவளே, பாடியதும் அவளே. ஆனால் முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை. இசைத்தட்டு உறையில் படம் போடவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பாட அவளுக்கு விருப்பமில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ஹோரஸ் மாதிரி ஆசாமிகளுக்கு இது போதாதா? சுமாராகப் பாடத் தெரிந்த பெண்ணைப் பிடித்து, பளபளவென்று ஒரு கவுனை மாட்டி, இவள்தான் லவினியா என்று மேடையேற்றிவிட்டார்கள். ஒரே சனிக்கிழமையில் மூன்று ஊரில் மூன்று லவினியாக்கள் பாடிய கூத்தும் நடந்தது.

"பக்கத்து ஸ்டேட்டு பர்மிங்ஹாம்ல நடந்தது தெரியுமில்ல?" என்றான் ஹோரஸ். "ரெண்டாவது பாட்டு முடியறதுக்குள்ள இந்தம்மா எந்திரிச்சு, 'இவ என் பொண்ணு இல்ல'ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னா. ஜனங்க நாற்காலியையெல்லாம் உடைச்சுட்டாங்க. பாடினவ இன்னும் ஜெயில்ல இருக்கா."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குய்யா! நான் போறேன்."

"எங்க போவ? வெளிய சத்தத்தைக் கேளு. இப்ப நீ பாடலேன்னா என்னையும் சேர்த்து உரிச்சிடுவாங்க. பேசாம போய்ப் பாடு. நான் பின்பக்கம் காரை ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கேன்."

"பெரிய வீரன்தான் போ!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள் நெட்டி.

மேடையில் ஏறியதும் கண் அங்கேதான் போனது. நீலத் தொப்பி. மடியில் கைப்பை. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. முதல் பாட்டை எப்படிப் பாடி முடித்தாள் என்று நெட்டிக்கே தெரியாது.

அடுத்தது, எல்லோரும் காத்திருந்த பாட்டு. போனவன் கழற்றிப் போட்ட சட்டையை இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிற ஒருத்தியின் பாட்டு. அதை முதன்முதலாக ரேடியோவில் கேட்ட அன்று, இஸ்திரிப் பெட்டியைத் தூக்க மறந்து, வேலை பார்த்த வீட்டுப் படுக்கை விரிப்பையே கருக்கியவள் நெட்டி. இப்படியும் ஒரு மனுஷி எழுத முடியுமா, இப்படியும் பாட முடியுமா என்று அன்றைக்கு வாய் பிளந்தவள்தான். வேலை போனது, அதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை.

மாட்டத்தான் போகிறோம், இந்தப் பாட்டையாவது ஒழுங்காகப் பாடிவிட்டு மாட்டுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பாட்டா அது? அரங்கமே எழுந்து நின்றுவிட்டது. "சொல்லு தாயி, சொல்லு!" என்று யாரோ கத்தினார்கள். பின்வரிசையில் ஆறடி ஆம்பிளை ஒருவன் வெட்கமில்லாமல் அழுதான். டிரம்ஸ்காரன் அடிக்க மறந்து அவளையே பார்த்தான். கடைசி அடியில் குரல் மேலே ஏறிக்கொண்டே போனபோது நெட்டிக்கே உடம்பு சிலிர்த்தது. இவ்வளவும் தன் தொண்டைக்குள்ளா இருந்தது என்று பயமாகக்கூட இருந்தது.

பாட்டு முடிந்தது. நீலத் தொப்பி எழுந்தது.

கைதட்டல் சட்டென்று அடங்கியது. விஷயம் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கிசுகிசுத்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு படியாக மேடைக்கு ஏறி வந்து, நெட்டியின் மோவாயை நிமிர்த்தி, முகத்தையே பார்த்தாள். பின்பக்கம் கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இவ என் மக! பெத்தவளுக்குத் தெரியாதா?"

கூரை பறந்துவிடும் போல் கத்தினார்கள் ஜனங்கள்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தியதும் நெட்டி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "ஏம்மா எனக்காகப் பொய் சொன்னீங்க? நாளையிலேருந்து இந்தப் பேர்ல பாட மாட்டேன், சத்தியம். நான் அவங்க கால் தூசிக்குப் பெற மாட்டேன். அவங்களையே வந்து பாடச் சொல்லுங்கம்மா. ஊரே ஏங்குது."

அம்மாள் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அவ வர மாட்டா."

"என்மேல கோபமா?"

"அந்தப் பாட்டு ரேடியோவுல வர்றதுக்கு முன்னாடியே அவளைப் புதைச்சாச்சு. கம்பெனிக்காரன் வெளிய சொல்லல."

நெட்டி கதவுப் பக்கம் பின்வாங்கினாள்.

"நான் ஊர் ஊரா தேடினது திருடியை இல்ல, புள்ள," என்று அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள் அம்மாள். "போறதுக்கு முந்தின நாள் அவ ஒரு பாட்டுக் கட்டி என் காதுல மட்டும் பாடிக் காட்டினா. அதை இறக்கி வைக்க ஒரு தொண்டை கிடைக்காதான்னுதான் அலைஞ்சேன். இப்ப நான் பாடறேன், நல்லா கேட்டுக்க. நாளைக்கு அதை என் பொண்ணு பாடணும்."