மட்டைக்குப் பின்னால்

"இண்டைக்கும் எனக்குக் காயம் வந்துதெண்டால், நான் கரவெட்டிக்குப் போறன்," என்றார் பொன்மலர்.

கரவெட்டியில் இருப்பது அவருடைய தங்கை. நிர்மலன் திரும்பிப் பார்த்தான். அம்மாவின் உடுப்புப் பை உண்மையாகவே கதவடியில் இருந்தது.

"அம்மா, அது விளையாட்டு. காயம் உங்களுக்கில்லை, லீலாவதிக்கு."

"லீலாவதி ஆர்? நான்தானே!"

ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சுக்குப் போய் வந்து சாப்பிட்டு முடிந்ததும், உடுப்பிட்டியில் அந்த வீட்டு மேசை ஒரு மாய உலகமாகிவிடும். ஆளுக்கொரு வேடம். நிர்மலன் வாள்வீரன். அவனுடைய கூட்டாளி வாகீசன் மந்திரவாதி. "ஜெபம் பண்ணுற வீட்டிலை என்ன உது பேய் விளையாட்டு?" என்று கேட்க வந்த பொன்மலர், கேட்ட கையோடு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டார். இப்போது அவர் வில்வீராங்கனை. லீலாவதி என்ற பெயர், வீட்டில் நிற்கிற ஆட்டின் பெயர்.

கதை சொல்லுவது மருமகள், நிர்மலனின் மனைவி ஜொய்சி. பூதம், முதலை, பாம்பு எல்லாம் அவள் பக்கம். அவை அடிக்கிற அடி எவ்வளவு பலம் என்பதை இருபது முகப் பகடை ஒன்று சொல்லும். எண் கூடக் கூட ஆபத்து. அந்தப் பகடையை அவள் ஒரு காட்போட் மட்டையை நிமிர்த்தி வைத்து, அதற்குப் பின்னால்தான் உருட்டுவாள். கதை சொல்லுகிறவர் மறைத்து உருட்டலாம் என்பது விளையாட்டின் விதி.

அந்த மட்டைதான் இப்போது வழக்கு: அதற்குப் பின்னால் ஏமாற்று நடக்கிறதாம்.

"உவள் அளாப்புறாள் தம்பி," என்றார் பொன்மலர் மகனிடம். "உங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டுமில்லை. எனக்கு மட்டும் கிழமைக்குக் கிழமை காயம்."

"வில்லு வைச்சிருக்கிறவை பின்னாலை நிக்கவேணும் மாமி," என்றாள் ஜொய்சி. "நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை ஓடுறியள்."

"பயந்து பின்னாலை நிக்கவோ நான் வில்லெடுத்தனான்?"

ஜொய்சிக்கும் பொறுமை போய்விட்டது. "நான் அளாப்புறனாம். நான் அங்காலை திரும்பினவுடனை என்ரை கறிச்சட்டியைத் திறந்து மோந்து பாக்கிறது ஆர்? ஒவ்வொரு நாளும்! நான் ஏதும் கேட்டனானே?"

"ஜொய்சியின்ரை நண்டுக் குழம்பை மோந்து பாக்காமல் எப்பிடி விடுறது?" என்றான் வாகீசன். மத்தியானம் அதை இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டவன். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் பையிலிருந்து டெப்லெட்டை எடுத்தான். "இதே விளையாட்டு இப்ப இதிலை வந்திட்டுது. டிவியிலை போட்டுவிட்டால் சரி. பகடையை அதுவே உருட்டும், எல்லாற்றை கண்ணுக்கும் முன்னாலை. மெசின் அளாப்பாது அன்ரி."

"போடு!"

பொன்மலர் மட்டையைத் தூக்கி அலுமாரிக்கு மேல் எறிந்தார்.

"வேண்டாம் மாமி," என்றாள் ஜொய்சி. "மட்டையோடையே விளையாடுவம்."

"பாத்தியளே? பயந்திட்டாள்!"

டிவியில் ஒரு குகை தெரிந்தது. பச்சைச் சட்டையும் வெள்ளி வில்லுமாக லீலாவதி உயிரோடு நடந்து வந்தாள்.

"நல்ல வடிவாத்தான் இருக்கிறன்," என்ற பொன்மலர், வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

குகை வாசலில் முதலை. திரையில் பகடை உருண்டது. இருபது.

"காயமே?"

"இல்லை அன்ரி. ஆள் முடிஞ்சுது."

"மெசினுக்கு விளங்கேல்லை. திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டான். அதே முதலை. பதினெட்டு. மூன்றாம் தரம் முதலையைத் தாண்டிவிட்டார். உள்ளே பாம்பு நின்றது. தேத்தண்ணி ஆறுவதற்குள் லீலாவதி மூன்று தரம் செத்துப்போனாள். காப்பாற்றப் போன மந்திரவாதியும் கூடவே போய்விட்டான்.

"உது சரியில்லை மச்சான்," என்றான் வாகீசன். "மேசையிலை இவ்வளவு காலம் விளையாடுறம், ஒருத்தரும் சாகேல்லை. இதிலையெண்டால்…"

பாதியில் நிறுத்திவிட்டு மெல்லத் திரும்பினான். எல்லாரும் ஜொய்சியைப் பார்த்தார்கள்.

அவள் மேசை விரிப்பில் ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கோவியாதேங்கோ மாமி. மேசையிலையும் லீலாவதி எத்தினையோ தரம் செத்தவ. நான்தான் காயமெண்டு சொன்னனான்."

"ஏன்?"

"செத்தால் நீங்கள் எழும்பிப் போயிடுவியள். நீங்கள் என்னோடை சிரிச்சுக் கதைக்கிறது இந்த மேசையிலை மட்டுந்தானே."

டிவியில் பாம்பு படமெடுத்து ஆடியது.

பொன்மலர் எழுந்தார். நேரே கதவடிக்கு நடந்தார்.

"அம்மா!" நிர்மலன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

அவர் பையைத் தாண்டிப் போய், கதவோரமிருந்த அலுமாரிக்கு மேல் எட்டி மட்டையை எடுத்தார். சேலைத் தலைப்பால் துடைத்தார். கொண்டுவந்து ஜொய்சிக்கு முன்னால் நிமிர்த்தி வைத்தார்.

"தம்பி, உந்த டிவியை நிப்பாட்டு. நீ உருட்டு பிள்ளை."

ஜொய்சி பகடையைக் கையில் எடுத்தாள்.

"இன்னொண்டு," என்றார் பொன்மலர். "நான் உன்ரை சட்டியைத் திறக்கிறது மோந்து பாக்க இல்லை."

"பின்னை?"

பொன்மலர் வாகீசனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மட்டைக்குப் பின்னால் குனிந்து, மருமகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நீ அள்ளிப் போடுற உப்புக்கு, ஆராவது தேங்காய்ப்பால் விடவேணுமே பிள்ளை!"