சாமிக்கு ஆகிற புல்

சீமைக்கருவேலத்தை அழித்துவிட்டுப் புல்வெளி வளர்க்கத் தொடங்கியபோதே, தர்ப்பையையும் தோண்டிவிடச் சொன்னார் மேற்பார்வையாளர் ஞானதுரை. குறுக்கே போய் நின்றவள் அங்கே வேலை பார்த்த பூரணம்தான். "சாமிக்கு ஆகிற புல்லு சார். நம்ம மண்ணுல பொறந்தது, யாரை என்ன பண்ணப்போகுது? இது மேல கடப்பாரை படக்கூடாது."

நான்காம் வருடம், மழை பெய்து பல நாளாகியும் அவள் நட்ட காந்தள் ஒன்றுகூட முளைக்கவில்லை. கையாலேயே மண்ணைப் பறித்துப் பார்த்தாள். கிழங்கு தனியாக வரவில்லை. தர்ப்பையின் ஊசிவேர் அதை நடுவில் துளைத்து மறுபக்கம் வெளியே வந்து, அங்கே வெளிறிய துளிரும் விட்டிருந்தது.

"உனக்காடி பரிஞ்சு பேசினேன்?" என்றாள் புல்லிடம்.

பின்னால் வந்து நின்ற ஞானதுரை வேறெங்கோ பார்த்தார்.

"கடப்பாரையக் குடுங்க சார்."