தோளளவு ஃபிரிட்ஜ்

கிரெடிட் கார்டில் வாங்கி வந்தபோது அந்த ஃபிரிட்ஜ் சற்குணத்தின் தோளளவுதான் இருந்தது. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருந்ததை மட்டும் அவன் மாதாமாதம் தவறாமல் கட்டினான். மீதிக்கு வட்டி ஏற ஏற ஃபிரிட்ஜும் வளர்ந்தது. இப்போது கூரையைத் தொட்டு, கட்டிலைச் சுவரோடு நெருக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே மட்டும் அதே இடம்தான். அரை லிட்டர் பாலும் நாலு கத்தரிக்காயும் வைத்தால் சரியாகிவிடும்.

வங்கிக்குப் போன் போட்டான். "நீங்க ரொம்ப நல்ல கஸ்டமர் சார். லிமிட்டக் கூட்டித் தரட்டுமா?" என்றது இனிமையான ஒரு குரல்.

"கார்டுக்குக் கையெழுத்துப் போடுறப்ப படிச்சீங்களா?" என்று கேட்டாள் மனைவி எழிலரசி, ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்து நின்றபடி.

"எல்லாம் பொடி எழுத்து. கார்டு குடுக்க வந்த பொண்ணு பேனாவ நீட்டிக்கிட்டே நின்னுச்சு. பாவமா இருந்துச்சு."

"அதுக்குப் பாவம் பாத்தீங்களாக்கும். சரி, வேற வீடு பாப்போமா?"

"இத எப்படி எழில் வெளிய எடுக்கிறது?"

அவள் வாசலுக்குப் போய் இரண்டு கைகளையும் நிலையைத் தொடும்வரை விரித்து அளந்து பார்த்தாள். பிறகு கைகளை இறக்காமலே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.