பதினெட்டு ஊர்ப் பட்டியல்

“ஒண்ணுமே கேக்கல! காத்தடிக்கிற சத்தந்தான் வருது!” எதிர்க்கட்சித் தலைவர் காதுக்கருவியைக் கழற்றி மேசைமேல் தட்டினார். சட்டசபையே சிரித்தது.

பின்சுவரை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் இருந்த மொழிபெயர்ப்பாளருக்கு முகம் வாடிவிட்டது. அமைச்சர்கள் பேசுவது ஆட்சிமொழி. தலைவர் பேசுவது விவசாயிகளின் மொழி. அவர் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் சொல்வதை அவருக்கும் உடனுக்குடன் மாற்றிச் சொல்வதுதான் அவள் வேலை.

மெக்கானிக் ஓடிவந்து வேறு கருவியை மாட்டிவிட்டார். அமைச்சர் சும்மா இருக்கவில்லை. “உறுப்பினருக்குக் காது போனா என்ன, வாய் நல்லா வேலை செய்யுதே!” என்றார் ஆட்சிமொழியில். அவள் அதைத் தயங்கித் தயங்கி மாற்றிச் சொன்னாள்.

“என் வாய்க்காவது வேலை இருக்கு. எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு எங்கய்யா இருக்கு?” என்று அந்த நொடியே திருப்பியடித்தார் தலைவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர்மேல் அவளுக்குத் தனி மரியாதை. சபை கூடும் நாளெல்லாம் போகிற போக்கில் கண்ணாடிக் கதவைத் தட்டி, தொண்டைக்கு இதமான மிட்டாய் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போவார். “நான் கத்துறதையெல்லாம் நீயும் கத்த வேண்டியிருக்கு. தொண்டையப் பாத்துக்கம்மா” என்பார். இவ்வளவு பெரிய மனிதருக்கு இது நினைவிருக்கிறதே என்று ஒவ்வொரு முறையும் மனசுக்குள் கும்பிடுவாள்.

அன்று அவர் பேசியது பதினெட்டு ஊர்களுக்காக.

“பயிர் கருகிப்போன விவசாயி, தனக்குத் தெரியாத மொழியில விண்ணப்பம் எழுதணும். தப்பா எழுதிட்டா நிவாரணம் கிடையாது. இது என்னய்யா நியாயம்? எங்க மொழி தெரிஞ்ச உள்ளூர்ப் பிள்ளைங்கள, ஊருக்கு ஒருத்தரா வேளாண் ஆபீசுல வேலைக்கு வைங்க. தள்ளுபடி பண்ணின விண்ணப்பத்தையெல்லாம் மறுபடி எடுங்க. இதோ, பதினெட்டு ஊர்ப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருக்கேன். வாங்கிக்கத் தைரியம் இருக்கா?”

நாடா கட்டிய கோப்பை உயர்த்திக் காட்டினார்.

அதில் பதினோராவது ஊர் அவளுடையது. அங்கே அவள் அண்ணன், ‘சேதம் எதுவும் இல்லை’ என்ற கட்டத்தில் தெரியாமல் டிக் அடித்துவிட்டு, கருகிக் கிடக்கும் நாலு ஏக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். படித்து முடித்த அவன் மகளும் வேலையில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ‘கடவுளே, அவங்க மனசு இளகட்டும்’ என்று வேண்டிக்கொண்டு, ஒரு சொல்லும் சிந்தாமல் மாற்றிச் சொன்னாள்.

அமைச்சர் எழுந்தார். கையிலிருந்த பதிலை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். அவர் சொன்னதை அவள் அப்படியே மாற்றிச் சொன்னாள்.

“உறுப்பினர் சொல்வது நியாயம். ஏற்றுக்கொள்கிறோம். ஐந்து மணிக்குச் சபை முடிவதற்குள் பட்டியலை அவர் கையாலேயே சபாநாயகரிடம் கொடுக்கட்டும். இன்றே ஆணை போடுகிறோம்.”

தலைவரின் கை கோப்பின்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார். காதுக்கருவியைக் கழற்றி வீசினார்.

“ஒண்ணும் கேக்கல! பதில் சொல்ல வக்கில்லாத அரசு! வெளிநடப்பு செய்யறோம்!”

அவர் எழுந்தால் கட்சிக்காரர்கள் எழுவார்கள். காரணம் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

“ஐயா, ஒத்துக்கிட்டாங்கய்யா! ஐயா!” என்று ஒலிவாங்கியில் கத்தினாள். காலி நாற்காலியில் கிடந்த கருவிதான் அதைக் கேட்டது.

பாழாய்ப்போன மெஷின், இன்றைக்குப் பார்த்தா மக்கர் பண்ண வேண்டும்? தேர்தலுக்குமுன் இதுதான் கடைசிக் கூட்டம். ஐந்து மணி தாண்டினால் அமைச்சர் சொன்ன வார்த்தை காற்றோடு போய்விடும். அடுத்த முறைக்கு வந்த தோழியிடம் இடத்தைக் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

தாழ்வாரத்தில் கேமராக்களுக்கு நடுவே தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பதினெட்டு ஊர்க் கண்ணீருக்கு ஒரு வார்த்தை பதில் இல்ல. இத நான் வீடு வீடாப் போய்ச் சொல்லுவேன்!”

நிருபர்கள் கலையும்வரை அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கடைசி ஆள் நகர்ந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா, மெஷின் கோளாறுய்யா! அமைச்சர் ஒத்துக்கிட்டார்! உங்க காதுல விழாமப் போச்சு. தப்பு எங்க மேலதான், மன்னிச்சிருங்க. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. ஓடிப்போய்ப் பட்டியலக் குடுத்துட்டு வந்துருங்கய்யா!”

தலைவர் அவளையே பார்த்தார். வெறுங்காலைப் பார்த்தார். “இப்படி மூச்சு வாங்க ஓடி வரலாமாம்மா? தண்ணி ஏதாவது குடிச்சியா?”

சட்டைப்பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

“கேட்டுச்சும்மா.”